நகல் விளையாட்டுப் பெட்டிகள்: தரமும் பயனும்

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பழமொழியைக் கேட்டுக் கேட்டு, பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வதே இழிவு என்னும் எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆயினும் எல்லா நகலும் ஒரே தரத்தவை அல்ல. சில நகல்கள் நம்மை ஏமாற்றுகின்றன. சில நமக்குக் கற்றுக்கொடுக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணைப் பெறுவதற்கு, நம் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பழைய வகை வீடியோ கேம் பெட்டியை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தொப்பூரில் வாழும் நமக்கு அசல், டூப்ளிகேட் என்னும் சொற்கள் புதியவை அல்ல. சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடையே நம் கணவாயில் இறங்கும் லாரிகளை நாள்தோறும் காண்கிறோம். ஒரு லாரியின் இருக்கை உறை டூப்ளிகேட்டாக இருந்தால் ஓட்டுநருக்கு வியர்க்கும்; அவ்வளவே. பிரேக் கட்டை டூப்ளிகேட்டாக இருந்தால் உயிர் போகும். ஆகவே "இது நகலா?" என்று கேட்பது மட்டும் போதாது. "எந்தப் பகுதி நகல்? அது தவறினால் என்ன நேரும்?" என்றும் கேட்க வேண்டும். இக்கட்டுரை முழுவதும் இந்தக் கேள்வியைக் கைவிளக்காகக் கொள்வோம்.

1. அசல் எது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதை வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவெமுரா. அமெரிக்காவில் 1985இல் அதுவே வேறு உருவத்தில், 'நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரில் வந்தது. இவ்விரு வடிவங்களும் சேர்ந்து உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்றன.

அப்பெட்டியின் உள்ளே இரண்டு முக்கியச் சில்லுகள் இருந்தன. ஒன்று கணக்கிடுவதும் ஒலி எழுப்புவதும்; மற்றொன்று படம் வரைவது. கணக்கிடும் சில்லு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 இலட்சத்து 90 ஆயிரம் முறை துடித்தது. வேலை செய்வதற்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட், அதாவது 2,048 எழுத்துகளுக்கு மட்டுமே இடம். படம் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 240 புள்ளிகளும் கொண்டது. ஒலிக்கு ஐந்தே தடங்கள்.

இத்துணைச் சிறிய இடத்திற்குள் பொறியாளர்கள் காட்டிய சிக்கனம் வியப்பிற்குரியது. 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை 4 மெகாபைட் எனக் கொண்டால், அது இந்த விளையாட்டைப் போல் நூறு மடங்கு ஆகும்! அவ்விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம்தான். மேகத்திற்கு வெள்ளை, புதருக்குப் பச்சை என நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரே மாவில் இட்லியும் தோசையும் செய்யும் இல்லத்தரசியின் அறிவு அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அசல் பெட்டியும் முற்றிலும் புதிதாக முளைத்ததன்று. அதன் கணக்கிடும் சில்லின் கரு, அமெரிக்காவில் சக் பெடில் குழுவினர் 1975இல் உருவாக்கிய 6502 என்னும் சில்லாகும். ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் அதைத் தழுவி, பதின்ம எண் கணக்குப் பகுதியைச் செயலிழக்கச் செய்து, ஒலி எழுப்பும் பகுதியைச் சேர்த்தது. ஆகவே முன்னோர் செய்ததன் மேல் கட்டுவது அறிவுலகின் வழக்கமே.

2. நகல் பிறந்த விதம்

அசல் பெட்டி சென்று சேராத நாடுகள் பல. சேர்ந்த இடங்களிலும் விலை எட்டாத வீடுகள் பல. இந்த இடைவெளியில்தான் நகல்கள் பிறந்தன. தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் அசல் சில்லுகளைப் போன்றே நடக்கும் சில்லுகளைத் தயாரித்தன. பின்னர் எல்லாச் சில்லுகளையும் ஒரே சில்லில் அடக்கும் முறை வந்தது. அதனால் விலை மளமளவென்று இறங்கியது.

தைவானில் 'மைக்ரோ ஜீனியஸ்' வந்தது. ரஷ்யாவில் 1992இன் இறுதியில் ஸ்டீப்லர் நிறுவனம் 'டென்டி' என்ற பெயரில் விற்றது. அந்நாட்டுச் சிறுவர் சிறுமியருக்கு வீடியோ கேம் என்றாலே டென்டிதான் என்னும் நிலை உண்டாயிற்று. சீனாவில் 'சுபோர்' நிறுவனம் விசைப்பலகையுடன் கூடிய நகலை 'கற்கும் இயந்திரம்' என்று கூறி விற்றது. நம் நாட்டிலோ 1990களில் 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா' போன்ற பெயர்களில் இப்பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. மரியோ, கான்ட்ரா, டேங்க், வாத்து வேட்டை ஆகியவற்றை அக்காலத்து இந்தியச் சிறுவர் சிறுமியர் பெரும்பாலும் நகல் பெட்டிகளின் வழியாகவே அறிந்தனர். அவற்றின் கெட்டியான பிளாஸ்டிக் விளையாட்டுப் பேழையை நாம் 'கேசட்' என்றே அழைத்தோம்.

சுபோர் நிறுவனத்தை வளர்த்த துவான் யோங்பிங், 1995இல் அதிலிருந்து விலகி பி.பி.கே. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒப்போ, விவோ கைப்பேசிகள் அந்த மரத்தின் கிளைகளே. நகல் செய்த கை, பின்னர் தானே புதியதைச் செய்யக் கற்றுக்கொண்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

3. தரத்தை அளப்பது எப்படி?

தரம் என்பது ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதன்று. ஐந்து பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

(அ) படம்: மலிவான நகல்களில் நிறங்கள் சற்றே மாறித் தெரியும். வானம் வெளிறும், சிவப்பு, செங்கல் நிறமாகும். ஆனால் உருவங்கள் சில வேளைகளில் மினுக்குவதை நகலின் குறை என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே கிடைவரியில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் அசல் பெட்டியாலும் வரைய இயலாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறையத்தான் வேண்டும். எனவே ஒழுங்காக மினுக்கும் நகல், அசலுக்கு உண்மையாக இருக்கும் நகலாகும்!

(ஆ) ஒலி: சில நகல் சில்லுகளில் ஒலி அலையின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு நிலைகள் இடம் மாறிவிட்டன. சுரம் அதேதான், குரல் மட்டும் வேறு. ஒரே பாட்டைப் புல்லாங்குழலில் வாசிப்பதற்கும் நாதசுரத்தில் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

(இ) வேகம்: இது கணக்குப் பாடம். ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தை மாற்றும். இந்தியா பின்பற்றிய பால் முறையில் விநாடிக்கு 50 முறைதான். விளையாட்டோ படம் மாறும் கணக்கை வைத்தே காலத்தை எண்ணும். ஜப்பானில் 60 விநாடியில் முடியும் ஒரு கட்டத்திற்கு 60 × 60 = 3,600 படங்கள். அதே 3,600 படங்களை விநாடிக்கு 50 வீதம் காட்டினால் 72 விநாடி ஆகும். பால் முறைக்கென்று செய்த நகல்களில் கணக்கிடும் சில்லின் துடிப்பு ஏறத்தாழ அசலைப் போலவே வைக்கப்பட்டது. ஆகவே பாட்டின் சுருதி மாறவில்லை. தாளம் மட்டும் தளர்ந்தது. இன்று ஜப்பானியப் பதிவைக் கேட்பவர்கள், "நாங்கள் கேட்டது இதைவிட மெதுவானதாயிற்றே!" என்று வியப்பதன் காரணம் இதுவே.

(ஈ) கைப்பிடி: பொத்தானின் கீழே ரப்பரும், அதன் அடியில் கரி பூசிய வட்டமும் இருக்கும். மலிவான பெட்டியில் ரப்பர் விரைவில் தளர்ந்துவிடும். நான்கு திசைப் பொத்தானில் வலப்பக்கம் அழுத்தும்போது மேற்புறமும் சேர்ந்து அழுந்துமானால் அது தரமற்றது.

(உ) மின்சாரம்: இதுதான் நம் பிரேக் கட்டை. சுவரிலுள்ள 230 வோல்ட்டைச் சில வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருவது அடாப்டர். அதனுள் உயர் அழுத்தப் பகுதிக்கும் குழந்தையின் கை படும் பகுதிக்கும் இடையே நல்ல தடுப்பு இருக்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது, வெளியே தெரியாத இந்தத் தடுப்பில்தான். மேலும் பழைய பெட்டிகளில் 9 வோல்ட்டை உள்ளே 5 வோல்ட்டாகக் குறைப்பார்கள். 0.3 ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால், (9 − 5) × 0.3 = 1.2 வாட் வெறும் வெப்பமாகும். அந்த வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டை மலிவு கருதி நீக்கிவிட்டால் பெட்டி சுடும், நாளடைவில் பழுதாகும். படம் வெளிறினால் பொறுக்கலாம். அடாப்டர் சுட்டால் பொறுக்கலாகாது.

4. எண்ணிக்கை என்னும் மாயம்

'99,99,999 விளையாட்டுகள் ஒரே கேசட்டில்' என்னும் வாசகத்தைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். மாணவிகளே, இதைக் கணக்கால் சோதிப்போம். ஒரு விளையாட்டை ஒரு நிமிடம் பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். உண்ணாமல் உறங்காமல் பார்த்து முடிக்க 19 ஆண்டுகள் ஆகும்! ஒவ்வொன்றுக்கும் 40 கிலோபைட் என்றால் மொத்தம் ஏறத்தாழ 40 கோடி கிலோபைட் வேண்டும். அக்காலத்துக் கேசட் எதிலும் அவ்வளவு இடம் இல்லை. உண்மையில் அதில் இருந்தவை சில விளையாட்டுகளே. அவற்றையே வேறு வேறு பெயரிலும், வேறு வேறு கட்டத்தில் தொடங்குமாறும் திரும்பத் திரும்ப எழுதியிருந்தனர். இன்று விற்கும் '400 விளையாட்டு', '10,000 விளையாட்டு' பெட்டிகளையும் இதே ஐயத்துடன் எண்ணிப் பார்த்து வாங்குதல் நலம்.

துப்பாக்கியும் அத்தகையதே. வாத்து வேட்டையில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தை அக்கணமே வரைந்ததால் இது நடந்தது. இக்காலத் தட்டைத் திரை, படத்தை வாங்கி ஆராய்ந்து சற்றே தாமதித்துக் காட்டும். ஆகவே அப்பழைய வகைத் துப்பாக்கி அங்கே பயன்படாது. குழாய்த் தொலைக்காட்சி இல்லாத வீட்டிற்குத் துப்பாக்கியுடன் கூடிய பெட்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வீண்.

இத்தாமதம் குதிக்கும் விளையாட்டுகளையும் பாதிக்கும். மூன்று படங்கள் அளவு தாமதித்தாலே விநாடியில் இருபதில் ஒரு பங்கு கழிந்துவிடும். பள்ளத்தில் விழுந்த பெண் தன் கையைக் குறை கூறுவாள். குறையோ திரையில் இருக்கும். தொலைக்காட்சியில் 'கேம்' என்னும் நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது தாமதத்தைக் குறைக்கும்.

5. இன்றைய மூன்று வகைகள்

முதல் வகை, ஒற்றைச் சில்லு நகல். பலகையின் நடுவே கரும்பிசின் சொட்டுப் போல ஒரு பொட்டு இருக்கும், அதனுள்ளே சில்லு. சில நூறு ரூபாய்க்கு விற்கும் கையடக்கப் பெட்டிகள் பல இவ்வகையின. மலிவு, ஆனால் சில்லு பழுதானால் மாற்ற இயலாது. கூடுதல் சில்லு வைத்த 'காசில்வேனியா 3' போன்ற விளையாட்டுகள் இவற்றில் பலவற்றில் இயங்கா.

இரண்டாம் வகை, மென்பொருளால் நடிப்பது. உள்ளே இருப்பது கைப்பேசியில் உள்ளது போன்ற சில்லு. அது பழைய பெட்டியைப் போல் நடிக்கும் நிரலை இயக்குகிறது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ நிறுவனமே 30 விளையாட்டுகளுடன் அமெரிக்காவில் 59.99 டாலருக்கு வெளியிட்ட சிறு பெட்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகவே அசல் நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் உள்ளிருப்பது பழைய சில்லு அன்று.

மூன்றாம் வகை, எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லைக் கொண்டது. களிமண்ணைப் போல அதன் உட்சுற்றுகளை வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம். பழைய சில்லின் சுற்றுகளை நுணுக்கமாக ஆராய்ந்து அவ்வாறே அமைக்கிறார்கள். அமெரிக்காவின் அனலாக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'என்டி மினி' இதற்குச் சான்று. அதன் விலை 449 டாலர். நகலென்றால் மலிவு என்னும் எண்ணத்தை இது பொய்யாக்குகிறது.

6. உரிமையும் நேர்மையும்

இனி மனச்சான்றைத் தொடும் பகுதிக்கு வருவோம். புதுப்பொறிக்கு வழங்கும் காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிவடைகிறது. அதன்பின் அந்த அறிவு ஊர்க்கிணற்று நீர் போல அனைவர்க்கும் பொது. ஆனால் விளையாட்டு நிரலின் கதை வேறு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் திருத்தப்பட்ட பின், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஒருவர் எழுதிய நூலை அவர் இசைவின்றி அச்சிட்டு விற்பது எப்படித் தவறோ, அப்படியே அவர் எழுதிய விளையாட்டைக் கேட்காமல் படியெடுத்து விற்பதும் தவறு. ஏழாம் கட்டளை கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய உழைப்பின் பயனுக்கும் உரியது.

அதேவேளை மற்றொரு பக்கத்தையும் நேர்மையுடன் கூற வேண்டும். 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை. உரியவரே விற்காத நூல் செல்லரித்துப் போகும். அதைக் காத்து வைக்க நூலகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் தக்க வழி வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காத்து வைப்பது வேறு, பெட்டியில் அடைத்துக் காசாக்குவது வேறு.

நேர்மையான வழியும் உண்டு. இந்தப் பழைய பெட்டிக்கென்று இன்றும் புதிய விளையாட்டுகளை எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட 'மைக்ரோ மேஜஸ்' அதே 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. அத்தகையவற்றை விலை கொடுத்து வாங்கி விளையாடினால் யாருக்கும் தீங்கில்லை.

7. மாணவிக்கு என்ன பயன்?

இன்றைய கைப்பேசியின் உள்ளே நடப்பது முழுவதையும் ஒரு தனி மனிதரால் அறிந்துகொள்ள முடியாது. ஆனால் 2 கிலோபைட் நினைவகமும் ஐந்து ஒலித் தடங்களும் உடைய பெட்டியை, மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி பொறுமையுடன் முயன்றால் முழுமையாகவே அறிந்துகொள்ளலாம். இரும எண், மின்னோட்டம், ஒலி அலை, ஒளியின் இயல்பு, காலக் கணக்கு ஆகிய பாடங்கள் அனைத்தும் அதனுள் ஒன்றுகூடி நிற்கின்றன. பழுதான நகல் பெட்டி ஒன்று நம் இயற்பியல் ஆய்வகத்திற்குக் கிடைத்தால், அது நல்ல பாடநூலாகும். இயந்திரம் ஆண்பிள்ளைகளுக்கு, விளக்கேற்றுவது பெண்பிள்ளைகளுக்கு என்று பிரித்த காலம் போகட்டும். மின்விளக்கு ஏன் எரிகிறது என்று அறிந்தவளே நன்றாக விளக்கேற்றுவாள்.

ஓர் எச்சரிக்கை: மின்இணைப்பை முற்றிலும் நீக்கிய பிறகே, ஆசிரியை முன்னிலையில் பெட்டியைத் திறக்க வேண்டும். அடாப்டரை ஒருபோதும் திறத்தலாகாது.

8. பெற்றோர் கவனத்திற்கு

மின்னணு வீடியோ விளையாட்டுகள், மைய அரசு 2012இல் ஆணையிட்ட கட்டாயப் பதிவுத் திட்டத்தின் முதற் பட்டியலிலேயே இடம்பெற்றவை. எனவே வாங்கும் முன் பெட்டியிலும் அடாப்டரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா எனப் பாருங்கள். அவ்வெண் உண்மையானதா என்பதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அடாப்டரின் வோல்ட் அளவும், நேர்முனை எதிர்முனைக் குறியீடும் பெட்டியில் அச்சிட்டதோடு ஒத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். கேசட்டை வாயால் ஊதிச் செருகுவது வேண்டா; எச்சிலின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும். பஞ்சில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகுங்கள்.

முடிவாக, நகல் பெட்டி என்பதாலேயே வெறுக்கவும் வேண்டா. மலிவு என்பதாலேயே மயங்கவும் வேண்டா. படத்திலும் ஒலியிலும் உள்ள குறைகளைப் பொறுக்கலாம். மின்சாரத்தில் குறை, அட்டையில் பொய், பிறர் உழைப்பைத் திருடல் ஆகிய மூன்றையும் பொறுக்கலாகாது. எளிய வீட்டுக் குழந்தைக்கும் ஒரு மகிழ்ச்சி எட்டட்டும் என்று நேர்மையாகச் செய்யப்பட்ட நகல், அசலுக்கு நிகரான மதிப்புடையது. எப்பொருளையும் பிரித்துப் பார்த்து, எடைபோட்டு, நல்லதைக் கொள்ளும் அறிவை இறைவன் நம் மாணவிகள் அனைவருக்கும் அருள்வாராக.

சிந்திக்கவும் செய்யவும்

1. ஜப்பானில் 5 நிமிடம் ஓடும் ஒரு விளையாட்டுப் பகுதி, விநாடிக்கு 50 படம் காட்டும் நகல் பெட்டியில் எவ்வளவு நேரம் ஓடும்?
2. உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் மூன்று அடாப்டர்களில் வோல்ட், ஆம்பியர், பதிவு எண் ஆகியவற்றைக் கண்டு எழுதுக.
3. 'காப்புரிமை முடிந்த பொறியை நகல் செய்தல்', 'உரிமையுள்ள நிரலைப் படியெடுத்தல்' ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோருடன் கலந்து பேசி, ஒரு பக்க அளவில் எழுதுக.